கல்லூரிப் படிப்பு: செலவைக் கணக்கிடுவோம்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி, யூபிலி என்று ஒரு மாத காலமாக நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். கொடிமரத்துக்கு வர்ணம் பூசியாகிவிட்டது. சப்பரத்துக்குப் பூவும் சொல்லியாகிவிட்டது. ஆனால் பழைய ஏற்பாட்டு மக்கள் யூபிலி ஆண்டில் என்ன செய்தார்கள் என்பதை லேவியர் ஆகமம் 25-ம் அதிகாரத்தில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? ஐம்பதாம் ஆண்டு பிறந்ததும் ஊரெங்கும் கொம்பு ஊதப்பட வேண்டும். வறுமையினால் விற்கப்பட்ட காணி, விற்றவன் வீட்டுக்கே திரும்ப வேண்டும். கடனுக்காக அடிமையாய்ப் போனவன் தன் பெண்டு பிள்ளைகளிடம் திரும்ப வேண்டும். அதுவே யூபிலி.

நம் கரிசல் சீமையில் அப்படி எந்தக் கொம்பும் ஊதப்போவதில்லை. மகனுடைய படிப்புக்காக இன்று கிரயம் செய்து கொடுத்த மூன்று ஏக்கர், ஐம்பது ஆண்டு கழித்தும் வாங்கினவன் பேரிலேதான் இருக்கும். ஒத்திக்கு வைத்த நிலத்தைத் திருப்ப முடியாமல் போனவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். கூறைப் புடவையோடு வந்த சங்கிலி அடகுக் கடையிலேயே முழுகிப்போன தாய்மார்களும் இருக்கிறீர்கள். ஆகவேதான் இந்தப் பொன்விழாவில், “கல்லூரிப் படிப்பு இவ்வளவு செலவுக்குத் தகுமா?” என்ற கேள்வியைப் பெற்றோர் முன் வைக்கலாம் என்று முடிவு செய்தோம். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று நம் ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (லூக்கா 14). கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது.

முதலில் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம். நம் பாட்டனார் காலத்தில் கல்லூரி என்றால் பாளையங்கோட்டை. சேசு சபையார் 1923-ம் ஆண்டில் அங்கே தூய சவேரியார் கல்லூரியைத் தொடங்கினார்கள். பிறகு விருதுநகரில் 1947-ல் ஒரு கல்லூரி வந்தது. பெண்களுக்காக 1948-ல் தூத்துக்குடியில் தூய மரியன்னை கல்லூரி எழுந்தது. நம் கோவில்பட்டியில் ஜி. வெங்கடசாமி நாயுடு கல்லூரி வந்தது 1966-ல்தான். அதுவரை நம் ஊர்ப் பிள்ளை பட்டம் வாங்க வேண்டுமானால், டிரங்குப் பெட்டியோடு ஊரை விட்டே போக வேண்டும். ஊருக்கு ஒருவர் போனால் பெரிது. அவர் ஆசிரியராகவோ, தாலுகா அலுவலகத்திலோ, ரயில்வேயிலோ வேலை பெற்றுத் திரும்பினார். அவரைப் பார்த்துத்தான் ஊரெல்லாம் “படித்தால் உத்தியோகம்” என்று நம்பியது. அந்தக் காலத்தில் அது பொய்யும் அல்ல.

1984-ம் ஆண்டில் தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வாசல் திறந்தது. அதே ஆண்டில் கோவில்பட்டியிலும் நேஷனல் பொறியியல் கல்லூரி எழுந்தது. பிற்காலத்தில் தமிழ்நாட்டில் இத்தகைய கல்லூரிகள் ஐந்நூறையும் தாண்டின. அரசு உதவி பெறும் கலைக் கல்லூரிகளிலும் நிலைமை மாறியது. ஒரே கட்டடம், ஒரே மணி, ஒரே மைதானம். ஆனால் காலையில் உதவி பெறும் பிரிவு, மாலையில் சுயநிதிப் பிரிவு. இரண்டிலும் கிடைக்கும் பட்டம் ஒன்றே. கட்டணம் மட்டும் பல மடங்கு வேறுபடும். இந்த ஒரு செய்தி தெரியாததால் மாத்திரம் கடனாளியான பெற்றோர் பலர். “கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது” என்ற மகிழ்ச்சியில், எந்தப் பிரிவில் கிடைத்தது என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

பொறியியலிலும் அப்படியே. 2017-ம் ஆண்டில் கட்டண நிர்ணயக் குழு, கலந்தாய்வு மூலம் வரும் மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்றும், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 என்றும் வரையறுத்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000-மும் 87,000-மும். அதற்கு மேல் விடுதி, சாப்பாடு, கல்லூரி பஸ், புத்தகம், சீருடை, “வளர்ச்சி நிதி” என்று ரசீதில்லாத ஒரு வரி. சட்டப்படி உள்ள கட்டணத்தைக் காட்டிலும் இந்த வால்தான் நீளம்.

இங்கே காமராசரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் சம்பளம் கிடையாது என்று சொன்ன பின்பும் ஏழைப் பிள்ளைகள் வரவில்லை. ஏன்? மாடு மேய்த்தால் அவனுக்கு ஒரு வேளைக் கஞ்சி கிடைக்கும். பள்ளிக்கு வந்தால் அதுவும் கிடைக்காது. படிப்பின் உண்மையான விலை அந்தக் கஞ்சிதான் என்று கண்டுகொண்டதால்தான் அவர் 1956-ம் ஆண்டில் மதிய உணவுத் திட்டத்தை நமக்கு அண்டையிலுள்ள எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். சம்பளத்தைத் தள்ளுபடி செய்தால் போதும் என்று இருந்துவிடவில்லை.

இன்றைய கல்லூரிக்கும் அதே கணக்குப் பொருந்தும். அரசு கலைக் கல்லூரியில் பயிற்றுக் கட்டணம் இல்லை என்கிறோம். உண்மைதான். ஆனால் பிளஸ் டூ முடித்த பையன் மூன்று ஆண்டு வேலைக்குப் போகாமல் இருக்கிறான். மாதம் பத்தாயிரம் சம்பாதிப்பான் என்று வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டில் 3,60,000 ரூபாய் வீட்டுக்கு வராமல் போகிறது. மழை பொய்த்த ஆண்டில் அந்தப் பத்தாயிரம் ஒரு குடும்பத்துக்குச் சோறு. 2018-ம் ஆண்டில் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்ததே, நினைவிருக்கிறதா? கதிரெல்லாம் பொடியாய் உதிர்ந்தது. அந்த மாதிரி ஆண்டில் நின்றுபோகும் பிள்ளைகள் கட்டணத்தால் நிற்பதில்லை. மெஸ் பில்லாலும் பஸ் காசாலும் பரீட்சைக் கட்டணத்தாலும் நிற்கிறார்கள். இரண்டாயிரம் ரூபாய்க்காக மூன்றாம் ஆண்டில் நின்றவன், முதல் இரண்டு ஆண்டுச் செலவையும் மண்ணில் போட்டவனாகிறான். பட்டத்தை முக்கால்வாசி வாங்க முடியாது அல்லவா?

சரி, அப்படிச் செலவழித்து வாங்கிய பட்டத்துக்கு வேலை இருக்கிறதா? 2024-ல் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் தில்லியிலுள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை ஒரு கணக்குத் தருகிறது. 2022-ம் ஆண்டில் பட்டதாரி இளைஞரில் நூற்றுக்கு 29.1 பேர் வேலையற்றோர். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரில் நூற்றுக்கு 3.4 பேரே வேலையற்றோர். இதைக் கேட்டவுடன் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நம் அண்ணாச்சி, “பார்த்தீரா, படித்தவன்தான் சும்மா இருக்கான்” என்பார். பொறுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவன் வேலையில்லை என்று ஒரு நாள் வீட்டில் இருந்தால் அன்று அடுப்பு எரியாது. அவன் என்ன கூலி கொடுத்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். சும்மா இருக்க அவனுக்கு வசதியில்லை. பட்டதாரி நல்ல வேலைக்காகக் காத்திருக்கிறான். காத்திருக்கும்படி வீடு அவனைத் தாங்குகிறது. ஆகவே அந்த 29-ஐ வைத்துப் படிப்பு வீண் என்று முடிவு கட்டுவது தவறு. ஆனால் அந்தக் காத்திருக்கும் இரண்டு மூன்று ஆண்டும் படிப்பின் செலவில் சேர்த்தி என்பதை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. கடன் வாங்கியவர் கட்டாயம் எழுதிப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கல்லூரிக்குப் போவோர் அதிகம். 2021-22-ம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. இந்தியா முழுமைக்கும் 28 சொச்சம். இதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் தெருவுக்கு ஒரு பட்டதாரி இருந்த காலத்தில் பட்டத்துக்கு இருந்த விலை, வீட்டுக்கு ஒரு பட்டதாரி இருக்கும் காலத்தில் இராது. பருத்தி நிறைய விளைந்த ஆண்டில் விலை என்ன ஆகும் என்று உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

“இடைசெவல் கி. ராஜநாராயணன் கல்லூரிக்கா போனார்?” என்று கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. அவர் கல்லூரி வாசலை மிதிக்காதவர்தான். 1991-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார். நம் கரிசலுக்கே அது பெருமை. ஆனால் ஒரு தாலுகாவுக்கு நூறு ஆண்டில் ஒரு கி.ரா. பிறப்பார். உங்கள் பிள்ளை அப்படிப்பட்டவன் என்றால் கல்லூரி அவனைக் கெடுக்கவும் போவதில்லை. மற்ற ஆயிரம் பேருக்கும் ஒரு வழி வேண்டும். காமராசரும் படிப்பைப் பாதியில் விட்டவர். அவர் யாரிடமும் படிக்க வேண்டாம் என்று சொன்னதில்லையே!

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். இதில் நமக்குச் சந்தேகமே இல்லை. நம் சுற்று வட்டாரத்தில் ஒரு பெண் பிள்ளை பள்ளியை விட்டு நின்றால் அவளுக்கு இருந்த வழிகள் என்ன? தீப்பெட்டி ஆபீஸ், களை வெட்டு, அல்லது மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் தொலைதூரப் பஞ்சாலை விடுதி. அந்த மூன்று ஆண்டுத் திட்டத்துக்குச் “சுமங்கலி” என்று பெயர் வேறு! கலியாணச் செலவுக்கு மொத்தமாய்ப் பணம் கிடைக்கும் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். பாதியில் உடம்பு கெட்டுத் திரும்பிய பெண்களுக்கு அந்தப் பணமும் முழுதாய்க் கிடைத்ததில்லை. இதோடு ஒப்பிடும்போது, மூன்று ஆண்டு கல்லூரிக்குப் போய் வந்த பெண், வேலைக்கே போகாவிட்டாலும் நஷ்டம் அடைந்தவள் அல்லள். வங்கிப் படிவத்தைத் தானே நிரப்புகிறாள். டாக்டரிடம் நின்று கேள்வி கேட்கிறாள். பதினெட்டில் நடந்திருக்கும் கலியாணம் இருபத்திரண்டுக்குத் தள்ளிப் போகிறது. அவள் பிள்ளை வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்து வீட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. “பெண்ணைப் படிக்க வைத்தால் அதற்குமேல் படித்த மாப்பிள்ளைக்கு அதற்குமேல் வரதட்சணை” என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் பிசகு இருப்பது வரதட்சணையில். பெண்ணின் படிப்பில் அல்ல.

ஆண் பிள்ளைகள் விஷயத்தில் நாம் இவ்வளவு உறுதியாகச் சொல்லத் துணியமாட்டோம். கணக்கில் விருப்பமில்லாதவனை, அத்தை மகன் படித்தான் என்பதற்காக நிர்வாக ஒதுக்கீட்டில் பொறியியலுக்கு அனுப்புவது பாவம். நான்கு ஆண்டு முடிந்து பதினெட்டு அரியரோடு வருகிறான். அவனே ஐ.டி.ஐ.-யில் பிட்டரோ வெல்டரோ, அல்லது பாலிடெக்னிக்கில் டிப்ளமாவோ படித்திருந்தால், தூத்துக்குடித் துறைமுகப் பக்கத்திலோ கோயம்புத்தூரிலோ கவுரவமாய் நின்றிருப்பான். பிறகு விருப்பமிருந்தால் டிப்ளமாவிலிருந்து நேரே பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. தச்சுத் தொழில் செய்த சூசையப்பரின் வளர்ப்பு மகனை ஆண்டவராக வணங்கும் நாம், கைத்தொழிலை இழிவாய்ப் பார்ப்பது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

நர்சிங் என்று சொல்லிக்கொண்டு பஜாரில் மாடிக்கு மாடி பலகை தொங்குகிறது. நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்று கேட்காமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். மே மாதத்தில் பைக்கில் வந்து இறங்கும் தரகர்களிடம் பிள்ளையின் அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். எந்தக் கல்லூரியும் அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே உத்தரவு போட்டிருக்கிறது.

இனிக் கடன். இதில்தான் குடும்பம் தப்புவதும் கவிழ்வதும். நூற்றுக்கு மூன்று வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினால் மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000, நான்கு ஆண்டில் வட்டி மட்டும் 1,44,000. முதல் அப்படியே நிற்கிறது! அதே ஒரு லட்சத்தை வங்கியில் ஆண்டுக்குப் பத்து சத வட்டியில் வாங்கினால் நான்கு ஆண்டுக்குத் தனி வட்டி 40,000. வங்கிகளின் கல்விக் கடன் திட்டம் 2001-ம் ஆண்டில் வந்தது. நான்கு லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. பெற்றோர் கூட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தர அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்படிப்புப் படித்தால், அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-ல் தொடங்கப்பெற்றது. கிளைக்குப் போனால் “நாளைக்கு வா” என்று அலைக்கழிப்பதும் உண்டுதான். ஆனாலும் நான்கு முறை அலைவது, நான்கு ஆண்டு மீட்டர் வட்டி கட்டுவதை விட இலேசு. ஒன்றை மறக்க வேண்டாம்: கல்விக் கடனும் கடனே. அடுத்த தேர்தலில் தள்ளுபடி ஆகும் என்று கட்டாமல் விட்டால், கூட்டுக் கையெழுத்துப் போட்ட தகப்பனாருக்குப் பயிர்க் கடன் கேட்கும்போது அது குறுக்கே வந்து நிற்கும்.

அரசு உதவிகளைப் பற்றியும் சுருக்கமாய்ச் சொல்கிறோம். குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதிருந்தால், கலந்தாய்வு மூலம் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்கு “முதல் பட்டதாரி” சலுகை 2010 முதல் உண்டு. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். ஆகவே மூத்தவனுக்கா இளையவளுக்கா என்று யோசித்துச் செய்யுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்தச் சலுகை போயிற்று. 2022 செப்டம்பரில் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் என்று இருந்ததை, 2024 டிசம்பர் 30-ல் தூத்துக்குடியில் நடந்த விழாவில், உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கினார்கள். மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. நம் திருச்சபைப் பள்ளிகளில் தமிழில் படித்த பிள்ளைகளுக்கு இது நல்ல செய்தி. ஆனால் மருத்துவத்தில் 2020-லும் பொறியியல் முதலியவற்றில் 2021-லும் வந்த 7.5 சத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே. ஒரே தெருவில், ஒரே ஓலைக் கொட்டகையில் வளர்ந்த இருவரில், கன்னியர் பள்ளிக்குப் போனவனுக்கு அது இல்லை.

நம்மில் ஆதிதிராவிடக் குடும்பங்களுக்கு இன்னொரு வலி உண்டு. ஞானஸ்நானம் பெற்றதனால் பட்டியல் இனத்தார் என்ற உரிமையை இழந்தவர்கள் அவர்கள். 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவ்வாறு செய்தது. 1956-ல் சீக்கியருக்கும், 1990-ல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது, கிறிஸ்தவனுக்குத் திறக்கவில்லை. ஆயினும் உயர்கல்வி உதவித்தொகையை, மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவருக்கும் தமிழக அரசு வழங்குகிறது. இது தெரியாமல் விண்ணப்பிக்காதவர்கள் நம் பங்கிலேயே இருக்கக்கூடும். சங்கடப்படாமல் கேளுங்கள்.

நம் திருச்சபையையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். 1597-ல் உரோமை நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தவர் புனித சூசை கலசான்சியார். சேசு சபையாரின் ஆரம்பக் காலக் கல்லூரிகளிலும் மாணவரிடம் சம்பளம் வாங்குவதில்லை என்பது விதி. இன்று கத்தோலிக்கக் கல்லூரிகளிலும் சுயநிதிப் பிரிவு இருக்கிறது. சம்பளம் கொடுக்க வேண்டும், கட்டடம் கட்ட வேண்டும், அது நமக்குப் புரிகிறது. ஆனால் பங்குத் தந்தையின் கடிதத்தோடு போகும் கரிசல் காட்டுப் பிள்ளைக்கு உதவி பெறும் பிரிவில் ஓர் இடம் என்று நம் பெரியோர்கள் வாதாட வேண்டும். இதைக் கேட்பது அவமரியாதை ஆகாது என்று நம்புகிறோம்.

இத்தனையும் சொன்ன பிறகு நம் கருத்தைக் கேட்டால்: கல்லூரிப் படிப்பு தகும். அரசுக் கல்லூரியிலோ, உதவி பெறும் பிரிவிலோ, கலந்தாய்விலோ கிடைத்தால் இருக்கிற துணியை விற்றாவது அனுப்புங்கள். நிலத்தை விற்று, மீட்டர் வட்டிக்கு வாங்கி, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ப்பதானால் தகாது. நிலத்தைத் தொடாதீர்கள். பிள்ளைக்கு வேலை கிடைக்கும்வரை சோறு போடப்போவது அந்த உளுந்தும் பாசியும்தான்.

ஒரு யோசனையையும் இந்தப் பொன்விழாவில் வைக்கிறோம். திருவிழாவில் வாணவேடிக்கைக்கும் மேளத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் தொகையில் பாதியை எடுத்து ஒரு நிதி தொடங்குவோம். கல்லூரிக் கட்டணத்துக்கு அது போதாது, அதற்கு வேண்டியதுமில்லை. மெஸ் பில், பஸ் காசு, பரீட்சைக் கட்டணம் ஆகிய மூன்றுக்கும் மட்டும், வட்டியில்லாமல், படிப்பு நின்றுவிடும் நிலையில் உள்ள பிள்ளைக்குக் கொடுப்போம். வேலை கிடைத்தபின் அவனே அடுத்தவனுக்காகத் திருப்பிப் போடட்டும். வேடிக்கை குறைந்தால் மாதா கோபித்துக்கொள்ளமாட்டார்கள். எதிர்ப்பு இளைஞர் பக்கமிருந்துதான் வரும் என்று நினைக்கிறோம். அவர்களில் பாதிப் பேருக்கு இந்த நிதி தேவைப்படும் என்பதால் பேசிச் சரிசெய்துவிடலாம்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றையும் இ-சேவை மையத்தில் இப்போதே எழுதிக் கொடுத்து வாங்கி வையுங்கள். கடைசி வாரத்தில் போனால் கூட்டத்தில் நிற்க முடியாது. பிள்ளையின் பேரும் தகப்பனார் பேரும் ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஞானஸ்நானப் பேர் ஓரிடத்தில், வீட்டுப் பேர் ஓரிடத்தில் என்று இருப்பதுதான் நம் பிள்ளைகளுக்கு வரும் பெரிய தொல்லை. சந்தேகமுள்ளவர்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் தாள்களோடு பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள்.